மோசமான சாலையிலிருந்து தொடங்காதீர்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். சென்னையின் தென்புறநகரில் நெடுஞ்சாலைத் துறையின் ஒரு பிரிவில் உதவிப் பொறியாளராகப் பொறுப்பேற்று ஓராண்டு ஆகிறது. ஒரு மாநில நெடுஞ்சாலை, இரண்டு மாவட்ட முக்கியச் சாலைகள், சில இதரச் சாலைகள் என் கையில் இருக்கின்றன. அவற்றோடு சிறுபாலங்கள், வடிகால், நடுத்தடுப்பு, வழிகாட்டிப் பலகை, வெள்ளைக்கோடு எல்லாம் என் பொறுப்பு. பராமரிப்புக்கு வரும் தொகை தேவையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஓர் இணைப்புச் சாலை படுமோசம். தினமும் புகார் அதைப் பற்றித்தான். போன ஆண்டுத் தொகையில் பெரும்பகுதி அதற்கே போயும் டிசம்பரில் மறுபடி பள்ளம். இந்த ஆண்டு முன்னுரிமைப் பட்டியல் கேட்டிருக்கிறார்கள். எதை முதலில் வைப்பது, எதை விடுவது, விட்டதற்கு என்ன பதில் சொல்வது? நடுத்தடுப்பு முழுவதற்கும் வண்ணம் பூசச் சொல்கிறார்கள். அதற்கும் இந்தப் பணத்திலிருந்துதான் எடுக்க வேண்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்திலேயே பதிலின் பாதி இருக்கிறது. போன ஆண்டுப் பணம் அந்த இணைப்புச் சாலைக்குப் போனது, டிசம்பரில் அது மறுபடி பெயர்ந்தது. இந்த ஆண்டும் அதையே பட்டியலின் தலையில் வைத்தால் இதே முடிவுதான் வரும். கூடவே, போன ஆண்டு சுமாராக இருந்த மற்ற சாலைகளும் அதே நிலைக்கு இறங்கியிருக்கும். பணம் குறைவாக இருக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, எது ஆளைக் கொல்லும் என்பது. அடுத்தது, தண்ணீர் எங்கே நிற்கிறது. அதற்கடுத்தது, எந்தச் சாலையை இன்னும் சிறு செலவில் காப்பாற்ற முடியும். இந்த மூன்றுக்கும் ஒதுக்கிய பிறகுதான் படுமோசமான சாலையின் முறை வரும். அதற்குப் பராமரிப்புப் பணத்தில் ஆபத்தில்லாமல் வைத்திருக்கும் அளவு மட்டும் கொடுங்கள், மீதிக்கு வேறு வழி உண்டு. இந்த வரிசையை உங்கள் மேலதிகாரியும் பொதுமக்களும் முதலில் ஏற்க மாட்டார்கள். ஆகவே காரணத்தை நீங்கள் தெளிவாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

புதிதாகப் போட்ட தார்ச்சாலை வெயிலில் மெல்ல இறுகும். தாரின் நெகிழ்வு போகும். சில ஆண்டுகளில் மயிரிழை விரிசல் தெரியும். அந்தக் கட்டத்தில் அந்தச் சாலையில் போகிற யாரும் குறை சொல்ல மாட்டார்கள், வண்டி அலுங்காமல் போகும். அப்போதே எமல்ஷன் (நீரில் கலந்த தார்) ஊற்றி அடைத்தால் தண்ணீர் உள்ளே போகாது. அடைக்காமல் விட்டால் ஐப்பசி கார்த்திகை மழை அந்த விரிசல் வழியாக ஜல்லி அடுக்குக்குள் இறங்கும். ஈரம் ஊறிய ஜல்லி அடுக்கும் அதன் கீழுள்ள மண்ணும் தாங்கும் வலுவை இழக்கும். மேலே பேருந்து போகும்போது உள்ளே இருக்கும் நீர் அழுந்தி, நுண்மண்ணை இழுத்துக்கொண்டு விரிசல் வழியே வெளியே பீச்சும். மழை விட்ட மறுநாள் விரிசல் ஓரத்தில் சேற்று நிறத்தில் ஒரு கறை படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அடித்தளம் வெளியே வந்துகொண்டிருக்கிறது என்று அதற்குப் பொருள். பிறகு முதலைத்தோல் போலக் கட்டம் கட்டமாக விரிசல், பிறகு பள்ளம். முதல் விரிசல் வரப் பல ஆண்டுகள் ஆகும், ஆனால் முதலைத்தோலிலிருந்து பள்ளத்துக்கு ஒரே ஒரு பருவமழை போதும். முதல் கட்டத்தில் விரிசலை அடைக்கும் செலவு, அதே நீளத்துக்கு 25 மி.மீ. மேலடுக்கு போடும் செலவில் ஒரு சிறு பங்குதான். கடைசிக் கட்டத்தில் அடித்தளத்தையே தோண்டி எடுத்துப் புதிதாகப் போட வேண்டும், அதற்கு எந்தப் பிரிவின் பராமரிப்புத் தொகையும் போதாது. உங்கள் இணைப்புச் சாலை அந்தக் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. அதன் மேல் கொட்டிய தார்க்கலவைக்குக் கீழே பிடிமானம் இல்லை.

இதற்கு மேல் பாரம் வருகிறது. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த ஆஷோ (அமெரிக்க மாநில நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கம்) சாலைச் சோதனையில் தெரிந்த உண்மை இன்றும் நம் வடிவமைப்புகளுக்கு அடிப்படை: அச்சுப் பாரம் கூடும்போது சாலைக்கு வரும் சேதம் ஏறத்தாழ அதன் நான்காம் அடுக்கில் கூடுகிறது. பாரம் 20 சதவீதம் கூடினால் சேதம் இரண்டு மடங்கு. நம் நாட்டில் 2018இல் நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சின் அனுமதிப் பாரத்தை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தினார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்த ஓர் அச்சு தரும் சேதம் 1.6 மடங்கு ஆகிறது. பழைய பாரத்துக்கு வடிவமைத்த சாலைகள்தான் இதைச் சுமக்கின்றன. ஆகவே போகும் வண்டிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துச் சாலைகளை வரிசைப்படுத்தாதீர்கள். ஆயிரக்கணக்கில் கார் போகும் சாலையைவிட, நாள் முழுக்கத் தண்ணீர் லாரியும் எம்-சாண்ட் டிப்பரும் ஓடும் சாலை சீக்கிரம் உடையும். தென்புறநகரில் அப்படிப்பட்ட சாலைகள் எவை என்று உங்கள் சாலை ஆய்வாளருக்குத் தெரியும், அவரைக் கேளுங்கள்.

பட்டியல் போடுவதற்கு முன், உங்களுடையது அல்லாத செலவுகளை வெளியே எடுங்கள். மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கி.மீ. நீளம். அதன் தடங்கள் ராஜீவ் காந்தி சாலையிலும் மேடவாக்கம், பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர் பக்கமும் வருகின்றன. வேலைக்காக ஒப்படைத்த பகுதியில் சாலையைச் சரியாக வைத்திருப்பது அந்த வேலையைச் செய்பவர் பொறுப்பா, எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, என்றைக்குத் திருப்பித் தருவார்கள் என்பதைக் கூட்டாய்வு செய்து எழுத்தில் வாங்குங்கள். சாலை வெட்டும் அப்படித்தான். குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, மின் கேபிள், இணையக் கேபிள் என்று ஆளுக்கு ஒரு பள்ளம் வெட்டுகிறார்கள். அதை மூடுவதற்கு அவர்கள் கட்டும் சீரமைப்புக் கட்டணம் தனிக் கணக்கு. அந்தப் பள்ளத்தை உங்கள் பராமரிப்புப் பணத்தில் மூடத் தொடங்கினால் அதற்கு முடிவே இல்லை. வெட்டுப் பதிவேடு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்: யார், எங்கே, எத்தனை மீட்டர், எப்போது மூடினார்கள், மூடியபோது மண்ணை அடுக்கடுக்காகக் கெட்டிப்படுத்தினார்களா. தோண்டிய மண்ணையே வாரிப் போட்டு மேலே ஜல்லி தூவிய வெட்டு முதல் மழையிலேயே உள்வாங்கும். அதற்கான கடிதம் மழைக்கு முன்பே உங்கள் கோப்பில் இருக்க வேண்டும்.

அடுத்து, கையில் என்ன இருக்கிறது என்ற கணக்கு. நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல்லும் 200 மீட்டர் கல்லும் இருந்தால் எதையும் குறித்துவிடலாம். புறநகரில் பாதிக் கல் வடிகால் வேலையிலும் கடை விரிவாக்கத்திலும் போய்விட்டது. மின்கம்ப எண், பேருந்து நிறுத்தம், போனில் எடுத்த இடக்குறிப்பு, எதை வைத்தும் குறிக்கலாம். ஆனால் ஒரே முறையில் குறியுங்கள், இல்லாவிட்டால் அடுத்து வருபவருக்குப் புரியாது. ஒவ்வொரு சிறுபாலம், ஒவ்வொரு பலகை, ஒவ்வொரு வடிகால் வாய், தடுப்பின் ஒவ்வொரு முனை என எல்லாமே அந்தக் கணக்கில் வரட்டும். இதற்கு மென்பொருள் தேவையில்லை, கோடு போட்ட நோட்டு போதும்.

இந்த வேலைக்கு உங்களுக்கு உண்மையான துணை சாலைப் பணியாளர்கள்தான். 1997இல் தமிழகத்தில் ஏறத்தாழ 10,000 சாலைப் பணியாளர்கள் பணியில் சேர்க்கப்பட்டார்கள். 2002இல் நீக்கப்பட்டு, 41 மாதங்களுக்குப் பிறகு 2006இல் மீண்டும் சேர்க்கப்பட்டார்கள். அந்த இடைவெளியில் அவர்கள் குடும்பங்கள் பட்ட பாடு தனிக்கதை. சாலைக்கு என்ன ஆகும் என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன். மண்வெட்டியோடு தினமும் நடக்கும் ஒருவர் இல்லாத சாலையில் அடைத்த வடிகால் வாய் அடைத்தபடியே இருக்கும், சரிந்த ஓரம் சரிந்தபடியே இருக்கும். ஒப்பந்தப் புள்ளியில் வராத இந்தச் சில்லறை வேலைகள்தான் சாலையின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. உங்களிடம் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேருக்கும் ஒளிரும் மேலுடை, நல்ல கருவிகள், மண்ணையும் ஜல்லியையும் கெட்டிப்படுத்தும் ஒரு பிளேட் காம்பாக்டர் கிடைக்கச் செய்யுங்கள். எந்தச் சாலையை யார் பார்க்கிறார் என்று பெயர் போட்டுப் பிரித்துக் கொடுங்கள். இந்தச் செலவை எதற்காகவும் தள்ளிப்போடாதீர்கள்.

இனி ஆளைக் கொல்லும் குறைகள். 2022இல் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்களில் ஏறத்தாழ 44 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். ஆகவே உங்கள் சாலையை இருசக்கர வண்டியின் கண்ணால் பாருங்கள், இரவில் ஒரு முறை, மழையில் ஒரு முறை. காருக்கு அதிர்ச்சி மட்டும் தரும் குறை, பைக்கில் வருபவரை லாரிக்கு அடியில் தள்ளிவிடும். ஒரே அளவுள்ள இரண்டு பள்ளங்களில், கடை வாசலில் வண்டி நிற்கும் ஓரத்தில் உள்ளது காத்திருக்கலாம். வளைவில், விளக்கில்லாத இடத்தில், பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி எல்லோரும் வலப்புறம் ஒதுங்கும் இடத்தில் இருப்பது அன்றைக்கே மூடப்பட வேண்டும். நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு பாதிப்பு, இரண்டையும் பெருக்கிப் பார்ப்பதுதான் முறை. பிரிட்டனில் 2016இல் வந்த நெடுஞ்சாலைப் பராமரிப்பு நெறிமுறையும் இதைத்தான் செய்தது. நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோல் சொல்வதை விட்டு, ஒவ்வொரு நிர்வாகமும் தன் சாலையின் அபாயத்தை மதிப்பிட்டு வரிசைப்படுத்தட்டும் என்றது. நீங்கள் ஒன்று முதல் நான்கு வரை இரண்டு மதிப்பெண் போட்டுப் பெருக்கினால் போதும்.

அப்படிப் போடும்போது பட்டியலின் மேலே பள்ளத்தைவிட மலிவான வேலைகள் வந்து நிற்பதைப் பார்ப்பீர்கள். முதலாவது, சாலை ஓரத்து இறக்கம். மேலே மேலே தார் போட்டதில் சாலை உயர்ந்துவிட்டது, ஓரத்து மண் அங்கேயே இருக்கிறது. பேருந்துக்கு வழிவிட ஒதுங்கும் பைக் அந்த விளிம்பில் இறங்கினால் திரும்ப ஏறும்போது சாயும். இதற்கு நல்ல கிராவலும் ஆளும் ரோலரும் இருந்தால் போதும். அடுத்தது நடுத்தடுப்பு தொடங்கும் முனை. இரவில் அந்தக் கான்கிரீட் கட்டை கண்ணில் படாமல் மோதுகிறார்கள். ஒரு ஒளிரும் தகடு அங்கே ஓர் உயிரைக் காக்கும். பள்ளிக்கூட வாசலில் அழிந்த நடைபாதைக் கோடுகள், வளைவில் விழுந்துவிட்ட அம்புப் பலகை, சாலையின் மட்டத்திலிருந்து கீழே போய்விட்ட ஆள்நுழைவுக் குழி மூடி ஆகியவையும் இதே வரிசை. பலகைகளில் பாதிக்குப் புதிய பலகையே தேவைப்படாது. மேலே ஒட்டிய சுவரொட்டியைக் கிழித்து, ஒரு வாளித் தண்ணீரில் துடைத்து, மறைக்கும் கிளையை வெட்டினால் இரவில் மறுபடி ஒளிரும்.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். சென்னையில் சாலைப் பராமரிப்பு என்பதில் முக்கால் பங்கு தண்ணீரை வெளியேற்றும் வேலை என்பது என் உறுதியான கருத்து. கூரை ஒழுகும் வீட்டில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல, தேங்கும் நீரை விட்டுவிட்டு மேலே தார் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் பகுதியின் நில அமைப்பை ஒரு தாளில் வரைந்து சுவரில் ஒட்டுங்கள். நாராயணபுரம், கீழ்க்கட்டளை, மடிப்பாக்கம், சித்தாலப்பாக்கம், ஒட்டியம்பாக்கம், பெரும்பாக்கம் என்று தென்புறநகர் ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு வருகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக ராஜீவ் காந்தி சாலையைக் கடந்து பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், முட்டுக்காட்டுப் பக்கம் கடலைச் சேர்கிறது. நிலம் தட்டை, சரிவு மிகக் குறைவு. நம் சாலைகள் இந்த ஓட்டத்தைக் குறுக்கே வெட்டிச் செல்கின்றன. அதாவது ஒவ்வொரு சாலையும் ஓர் அணை, அதில் தண்ணீர் போகும் கதவு சிறுபாலம் மட்டும்தான். அந்தக் கதவு பாதி அடைத்திருந்தால் மேற்புறம் குடியிருப்பு மூழ்கும், சாலையின் அடித்தளம் நாள்கணக்கில் ஊறும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலிலும் இந்தப் பகுதி பட்டதை உங்கள் ஊர்க்காரர்களே சொல்வார்கள். ஆகவே சிறுபாலங்களை அவற்றின் அகலத்தை வைத்து வரிசைப்படுத்தாதீர்கள். எந்த ஏரியின் உபரிநீர் எந்தச் சிறுபாலம் வழியாகப் போகிறது என்பதை வைத்து வரிசைப்படுத்துங்கள். நீர்வளத் துறைக்காரர்களோடு ஒரு காலை வேளை நடந்தால் இது தெரிந்துவிடும். சிறுபாலத்தின் கண்வாய்க்கு (நீர் போகும் திறப்புக்கு) இரு பக்கமும் கொஞ்ச தூரம் தூர் எடுக்காமல் உள்ளே மட்டும் எடுப்பது வீண்.

எடுத்த தூரை வடிகால் ஓரத்திலேயே குவித்து வைக்கும் பழக்கத்தை நீங்கள் இருக்கும் வரையிலாவது நிறுத்துங்கள். முதல் மழையில் அது அத்தனையும் திரும்ப உள்ளே போகும், செய்த செலவு முழுவதும் போகும். தூர் எடுத்த அன்றே அப்புறப்படுத்தினால்தான் பில் தொகை என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

சாலையின் மேற்பரப்பிலும் இதே கண்ணோட்டம் வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்கு மீட்டருக்கு 2 முதல் 2.5 செ.மீ. சாய்வு இருந்தால் மழைநீர் ஓடிவிடும். அது பேட்ச் மேல் பேட்ச் போட்டுத் தட்டையாகியிருக்கும். புல்லும் மண்ணும் வளர்ந்து ஓரம் சாலையைவிட உயர்ந்த இடங்களில் நீர் விளிம்பிலேயே தேங்கும். சாலை எப்போதும் விளிம்பிலிருந்துதான் சாகத் தொடங்கும். அங்கே ஓரத்தைச் செதுக்கி நீருக்கு வழி விடுவது ஒரு நாள் கூலி வேலை. நடுத்தடுப்பு ஒரு பக்க நீரை மறிக்கும் வளைவுகளில் தடுப்புக்குக் கீழே துளை இருக்கிறதா என்று பாருங்கள். எங்கேயாவது மேலடுக்கு போட வேண்டி வந்தால், பழையதை மில்லிங் செய்து சுரண்டி எடுத்த பிறகுதான் போட வேண்டும். 2021இல் தலைமைச் செயலாளரே இப்படித்தான் செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டிருக்கிறார். இரண்டு பக்கமும் வீடுகளைப் பள்ளத்தில் தள்ளிவிட்டு உயரும் சாலைக்குத் தன் நீரையும் வெளியேற்ற முடியாது.

பெரிய பாலம் இருந்தால் அதை இந்தப் போட்டியில் சேர்க்காதீர்கள். அதற்குரிய சிறு செலவை முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். பாலத்தின் நீர்வடி குழாய்களை மழைக்கு முன் குத்தித் திறப்பது, தளத்தின் துண்டுகளுக்கு இடையே விட்ட எக்ஸ்பான்ஷன் ஜாயிண்டில் அடைந்த மண்ணை எடுப்பது, தளத்தைத் தாங்கும் பேரிங்கைச் சுற்றியுள்ள குப்பையை நீக்குவது, கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுப்பது. கன்று விரல் பருமனில் இருக்கும்போது கையால் பிடுங்கலாம், கை பருமனானால் கட்டுமானத்தையே பிளக்கும். கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் உப்பி நிற்கிறதா என்று பார்த்துப் படம் எடுத்து மேலே அனுப்புங்கள். மழைக்கு முன்பும் பின்பும் ஆய்வு கட்டாயம், நீர் வடிந்த பிறகு தூணின் அடியில் மண் அரித்திருக்கிறதா என்பதைத் தவறாமல் பாருங்கள். 2016 ஆகஸ்ட் 2ஆம் தேதி இரவு மகாராஷ்டிரத்தில் மகாட் அருகே சாவித்ரி ஆற்றின் பழைய பாலம் வெள்ளத்தில் போனது. அதோடு பேருந்துகளும் மக்களும் போனார்கள்.

தார் வேலையில் உங்கள் பணத்தை இரண்டு மாவட்ட முக்கியச் சாலைகளில் சுமாரான நிலையில் இருக்கும் பகுதிகளுக்குக் கொடுங்கள். விரிசல் அடைப்பு அங்கேதான் பலன் தரும். பள்ளம் மூடும்போது முறையாக மூடச் செய்யுங்கள். ஓரங்களைச் செங்குத்தாகச் சதுரமாக வெட்ட வேண்டும், கெட்டியான அடுக்கு வரும் வரை தோண்ட வேண்டும், உலர்ந்திருக்க வேண்டும், டாக் கோட் (ஒட்டுவதற்கான மெல்லிய தார்ப்பூச்சு) அடிக்க வேண்டும், ஆழமானால் இரண்டு அடுக்காகப் போட்டு ஒவ்வொன்றையும் கெட்டிப்படுத்த வேண்டும், கடைசியில் ஓரத்தை அடைக்க வேண்டும். டிப்பரிலிருந்து மண்வெட்டியில் அள்ளிக் கொட்டிவிட்டுப் பேருந்து டயர் அழுத்திக்கொள்ளட்டும் என்று விடும் பேட்ச் ஒர்க் ஒரு மழை தாங்காது. மழைக்காலத்தில் மூட்டையில் வரும் குளிர்கலவையை (சூடாக்காமல் போடும் தார்க்கலவையை) வைத்திருங்கள். விலை கூடுதல்தான். ஆனால் ஒரே பள்ளத்தை மூன்று முறை மூடும் செலவோடு ஒப்பிட்டால் அது மலிவு.

காலம் முக்கியம். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, மதிப்பீடு, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தம் எல்லாம் முடிந்து வேலை தொடங்கும்போது பல பிரிவுகளில் ஆவணி புரட்டாசி ஆகிவிடுகிறது. ஈரச் சாலையில் சூடான தார் ஒட்டாது. ஆகவே நேர்மாறாகத் திட்டமிடுங்கள். மழை பெய்யும்போதே ஆய்வு செய்யுங்கள். குடையோடு நடந்து, எங்கே நீர் நிற்கிறது, எங்கே சேறு பீச்சுகிறது, எந்த வடிகால் வாய் நீரை எடுக்கவில்லை என்று அங்கேயே படம் எடுங்கள். வெயிலில் பத்து முறை நடந்தாலும் கிடைக்காத தகவல் ஒரு நவம்பர் மழையில் கிடைக்கும். டிசம்பரில் மதிப்பீட்டை எழுதி முடித்துவிட்டால், தை மாதம் முதல் கோடை முடியும் வரை தார் வேலைக்கு நல்ல காலம். ஆடி முதல் புரட்டாசி வரை வடிகாலும் சிறுபாலமும் ஓரமும். அக்டோபர் பாதிக்கு மேல் புதிதாக எதையும் திறக்காதீர்கள், வெட்டவும் விடாதீர்கள்.

தொகையைப் பற்றி என் கணிப்பு கேட்டால், கையில் நூறு ரூபாய் இருந்தால் இருபதை உயிராபத்து வேலைகளுக்கு, இருபத்தைந்தை வடிகால், சிறுபாலம், பாலத்துக்கு, முப்பதை நல்ல சாலைகளின் விரிசலுக்கும் பள்ளத்துக்கும் கொடுப்பேன். பதினைந்தை மழை அவசரத்துக்கென டிசம்பர் வரை வேறெதற்கும் தொடாமல் வைத்திருப்பேன். பருவமழையில் ஏதாவது ஒரு சிறுபாலம் உட்காரும், ஏதாவது ஒரு மரம் தடுப்பின் மேல் விழும். அந்த நேரத்தில் கையில் பணமில்லாத பொறியாளரின் நிலை மிகக் கொடுமை. மீதி பத்து ரூபாய் உங்கள் இணைப்புச் சாலைக்கு. உங்கள் பிரிவின் நிலவரத்தைப் பொறுத்து இதை மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் அந்தப் பதினைந்தை மட்டும் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

அந்தப் பத்து ரூபாயில் இணைப்புச் சாலையின் ஆபத்தான பள்ளங்களை மூடுங்கள், வேகத்தைக் குறைக்கப் பலகை வையுங்கள், நீரை வெளியேற்றுங்கள். அதற்கு மேல் அதில் பராமரிப்புப் பணம் போடாதீர்கள். இணையாகத் தனி முன்மொழிவு ஒன்று எழுதுங்கள். பெங்கெல்மேன் பீம் சோதனையில் சாலை எவ்வளவு தாழ்கிறது என்று அளந்து, குழி தோண்டி அடித்தள மண்ணை எடுத்து, கிண்டியில் உள்ள நெடுஞ்சாலை ஆராய்ச்சி நிலையத்தின் கருத்தை இணைத்து, வலுப்படுத்தும் பணியாக அனுப்புங்கள். கடந்த ஆண்டுகளில் அதே சாலைக்குப் பேட்ச் ஒர்க்குக்காகச் செலவான தொகைகளைக் கூட்டி முதல் பக்கத்தில் போடுங்கள். நான் பணியில் இருந்த காலத்தில் பெரிய முன்மொழிவுகள் நகர்ந்தது பெரும்பாலும் அந்தக் கூட்டுத்தொகையைப் பார்த்துத்தான்.

விட்டதற்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். விட்டதையும் பட்டியலிலேயே எழுதுங்கள். பட்டியல் இரண்டு பகுதியாக இருக்கட்டும்: இந்த ஆண்டு செய்பவை, செய்யாதவை. செய்யாத ஒவ்வொன்றுக்கும் எதிரே மதிப்பெண், ஒரு வரியில் காரணம், அதுவரை ஆபத்தைக் குறைக்க என்ன செய்திருக்கிறோம் என்பது. அதைக் கோட்டப் பொறியாளருக்கு எழுத்தில் அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 198ஏ பிரிவு, பராமரிப்புத் தரத்தைப் பின்பற்றாததால் உயிரிழப்போ உடல் ஊனமோ நேர்ந்தால் பொறுப்பானவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் சொல்கிறது. பணம் இல்லை என்ற வாய்மொழி அங்கே நிற்காது. அபாயத்தை மதிப்பிட்டேன், வரிசைப்படுத்தினேன், மேலே தெரிவித்தேன் என்ற கோப்பு நிற்கும். குடியிருப்போர் சங்கத்தாரிடமும் அதே பட்டியலைக் காட்டுங்கள். 'உங்கள் சாலைக்கு இந்த ஆண்டு முழு வேலை இல்லை, காரணம் இது, அடுத்து நடப்பது இது' என்று நேராகச் சொல்லும் அதிகாரியை மக்கள் மதிக்கிறார்கள், அப்போதைக்குக் கோபப்பட்டாலும். 'நம்ம சாலை' செயலியில் வரும் புகார்களையும் இதே மதிப்பெண் முறையில் பாருங்கள். ஒரே சாலையில் நூறு பேர் புகார் செய்திருக்கலாம். புகாரே வராத சாலையில் பள்ளிக்கூட வாசல் இருக்கலாம். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டியவர் நீங்கள்.

வண்ணம் பற்றி. நடுத்தடுப்பு முழு நீளத்துக்கும் இந்தப் பணத்திலிருந்து பூசாதீர்கள். மறுக்க முடியாத நிலை வந்தால், தடுப்பின் முனைகளுக்கும், திருப்பங்களின் திறப்புகளுக்கும், பள்ளி அருகேயுள்ள நீளத்துக்கும் மட்டும் மதிப்பீடு போடுங்கள். முனைகளில் ஒளிரும் தகடு செப்டம்பருக்குள் ஏறிவிட வேண்டும். பூச்சு வேலையை ஜனவரிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், முன்னதாகப் பூசினால் மழைச் சேற்றில் போய்விடும். பூசுவதற்கு முன் தடுப்போரம் குவிந்த மண்ணை எடுப்பதும் அதே மதிப்பீட்டில் சேரட்டும். அந்த மண்தான் வலப்பக்கம் ஓடும் பைக்குகளைச் சறுக்கி விழவைக்கிறது, தடுப்பின் நீர்த்துளைகளையும் அடைக்கிறது.